ஊமைக் கணினியும் ஒலியியக்கிகளின் வரலாறும்

திம்புள்ளப் பகுதித் தொழிற்சாலையொன்றில் ஒருநாளைய தேயிலை மணங்கெட்டு வருமாயின், அனுபவமிக்க டீமேக்கர் உலர்த்தும் அடுப்பை மட்டும் பழித்து நில்லார். கொழுந்தை வாட்டிய இடத்திலிருந்து தொடங்கி, உருட்டல், புளிக்கவைத்தல், உலர்த்தல், சலித்தல் என்னும் படிகளை முறையே நோக்கி, எப்படியிற் பிழை புகுந்ததென்று காண்பார். லினக்ஸ் என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையில் ஓசை எழாதபோது செய்யவேண்டிய ஆய்வும் இத்தகையதே. ஆயின் ஈண்டு ஒரு சிறப்புண்டு. லினக்சின் ஒலியமைப்பு ஒரே காலத்தில் ஒருவரால் வகுக்கப்பட்டதன்று. 1992 முதல் இன்றுவரை ஒன்றன்மேலொன்றாக ஏறிய அடுக்குகளால் ஆயது. அவ்வடுக்குகள் எழுந்த காலமுறையை அறிந்தவர்க்குப் பழுது தேடும் முறையும் தானே புலப்படும் என்பதே யாம் இங்கு நிறுவக் கருதுவது.

இயக்கி என்பது யாதென முதலிற் கூறல் வேண்டும். மலைநாட்டார்க்கு இதனை விளக்கல் எளிது. துரையின் கட்டளையைத் தொழிலாளர் செய்யும் வேலையாக மாற்றியவர் கங்காணி. பணிசெயல் முறைமையின் கட்டளையை ஒலியட்டை உணரும் குறிகளாக மாற்றுவது இயக்கி. கங்காணி வாராத நாளில் துரையும் இருப்பார், தொழிலாளரும் இருப்பர். வேலை மட்டும் நடவாது. ஊமையான கணினியின் நிலையும் பெரும்பாலும் அதுவே. இவ்வொப்புமையை இன்னும் சிறிது நீட்டலாம். கங்காணிக்குப் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' தொழிலாளரை ஒரு தோட்டத்திலேயே பிணித்து வைத்தது. அம்முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூலநிரல் மறைக்கப்பட்ட இயக்கியும் தன்னைப் பயன்படுத்துவோரை ஒரு நிறுவனத்தோடு பிணிப்பதுண்டு. எனினும் மாந்தர் பட்ட துயரோடு இதனை நிகர்வைத்தல் தகாது.

1989ஆம் ஆண்டிற் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலியட்டையை வெளியிட்டது. இரண்டாண்டுகளின் பின், 1991இல், பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சைத் தொடங்கினார். 1992இல் அந்நாட்டவரேயான ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டருக்குரிய இயக்கியை எழுதினார். 'ஓப்பன் சவுண்ட் சிஸ்டம்' என வளர்ந்த முதலடுக்கு இதுவே. அக்காலத்து அட்டைகளுக்கு இடையூட்டு எண்ணையும் முகவரியையும் பயனரே வகுத்தளிக்க வேண்டியிருந்தது. அச்சுப்பொறிக்குரிய ஏழாம் எண்ணையே ஒலியட்டைக்கும் அளித்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். அட்டை பேசுகிறதா என்று சோதிப்பதற்குப் பலர் கையாண்ட ஒலிக்கோப்பு, லினக்ஸ் என்னும் பெயரைத் தாம் எவ்வாறு உச்சரிக்கின்றார் என்று டோர்வால்ட்ஸ் தம் குரலிலேயே கூறிய சிறு பதிவாகும். தந்தையின் குரலைக் கேட்டே குழந்தை பேசத் தொடங்கியது போலும்!

அவ்வமைப்பில் இரு குறைகள் இருந்தன. அட்டை தானே கலக்கும் ஆற்றல் பெற்றிராவிடின், ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே ஒலிக்க இயலும். மற்றொன்று, சவோலைனனின் அமைப்பு வணிக வடிவமும் பெற்று, அதன் மேம்பாடுகள் சில மூலநிரல் வெளிப்படாமல் விற்கப்பட்டன. இந்நிலையிற் செக் நாட்டவரான யரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டைக்குத் தாம் எழுதிய இயக்கியிலிருந்து தொடங்கி, 1998இல் 'ஆல்சா' என்னும் புதிய அமைப்பை உருவாக்கினார். 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 உட்கருவோடு அதுவே முதன்மை பெற்றது. பழைய அமைப்பின் மூலநிரல் 2007இல் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஆல்சா விட்டுச்சென்ற வழக்கமொன்று இன்றும் பலரை மயக்குகின்றது. தொடக்கத்தில் அவ்வமைப்பு எல்லா ஒலிவாய்களையும் அடைத்தே வைத்திருந்தது. திடுமென எழும் பேரோசை செவியையும் கருவியையும் கெடுக்காதிருத்தற்பொருட்டு அது செய்யப்பட்டது. ஆதலால் இயக்கி சரியாக இருந்தும் ஓசை எழாது. 'ஆல்சாமிக்சர்' என்னும் சிறு கருவியைத் திறந்தால், அடைபட்ட வாயின்கீழ் 'எம்எம்' என்னும் குறி நிற்கும். எம் விசையைத் தட்டியதும் அது நீங்கும். அட்டை பழுதென்று எறியப்பட்டவற்றுள் இக்குறியொன்றே காரணமானவை பலவாயிருத்தல் கூடும். இதனினும் நுட்பமானது வேறொரு பிழை. இக்காலத்துக் கணினிகளில் திரைக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. வழியும் ஓர் ஒலியட்டையாகவே எண்ணப்படும். அது முதலட்டையாக அமைந்துவிட்டால், ஒலிபெருக்கியற்ற திரைக்கே ஓசையனைத்தும் செல்லும். எங்கும் பிழைச்செய்தி தோன்றாது.

மூன்றாவது அடுக்கு 2004இல் லெனார்ட் பொட்டரிங் தொடங்கிய 'பல்ஸ்ஓடியோ'. பல மென்பொருள்களின் ஓசையை ஒன்றாகக் கலந்து இயக்கியிடம் கொடுப்பது அதன் பணி. 2007இல் ஃபெடோராவும் 2008இல் உபுண்டுவும் அதனை ஏற்றபோது எழுந்த முறையீடுகள் மிகப் பல. பழியெல்லாம் புதுவரவின் மேலேயே விழுந்தது. ஆயின் அது இயக்கிகளின் நேரக்கணிப்பை முன்னெவரும் பயன்படுத்தாத அளவிற்குப் பயன்படுத்தியமையால், கீழடுக்கில் உறங்கிக்கிடந்த பிழைகளும் வெளிவந்தன என்பதை மறத்தலாகாது. விம் டேமன்ஸ் ஆக்கிய 'பைப்வயர்' 2021இல் ஃபெடோரா 34 வெளியீட்டில் அதனிடத்தைப் பெற்றது.

அடுக்குகள் மேலே மட்டும் வளரவில்லை, அடியிலும் வளர்ந்தன. 2004இல் இன்டெல் வகுத்த எச்.டி. ஓடியோ நெறியின்படி ஒரேவகைக் கட்டுப்படுத்தியோடு வெவ்வேறு நிறுவனங்களின் சில்லுகள் இணையலாம். எம்முனை ஒலிபெருக்கிக்கு, எம்முனை செவிப்பொறிக்கு என்பதைக் கணினி செய்தோரே குறித்துவைப்பர். அக்குறிப்பே பிழைபடுவதும் உண்டு. செவிப்பொறி ஒலித்து ஒலிபெருக்கி மட்டும் ஊமையாயிருப்பின் ஈண்டே நோக்கல் வேண்டும். லினக்சின் உட்கருவில் இத்தகைய பிழைக்குறிப்புகளைத் திருத்தும் நீண்ட பட்டியலொன்று உண்டு. அதன் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒருவர் தம் ஊமைக் கணினியை ஆராய்ந்து அனுப்பிய விவரத்தின் பயன். அண்மைய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச்செயலிக்கெனத் தனி நிலைப்பொருளும் வேண்டும். அஃது இல்லாவிடின் அமைவுப் பக்கத்தில் 'டம்மி அவுட்புட்' என்னும் பெயர் மட்டும் நிற்கும்.

எனவே முதலில் உட்கரு அட்டையைக் கண்டதா, நிலைப்பொருளைப் பெற்றதா எனப் பார்க்க. பின்னர் ஆல்சாவின் வாய் திறந்துளதா என்க. அதன்பின்னரே பல்ஸ்ஓடியோவையோ பைப்வயரையோ ஐயுறுக. பலர் மேலிருந்து தொடங்கி, முறைமையையே மீள நிறுவி, ஒருநாளை இழப்பர்.

இலங்கையில் ஹந்தானை மலையின் பெயர் தாங்கிய லினக்ஸ் பதிப்பொன்று ஃபெடோராவை அடியாகக் கொண்டு எழுந்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னைச் சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்சும் இடம்பெற்றது. அங்கே ஒரேவகைக் கருவிகள் ஆயிரக்கணக்கில் இருந்தமையால் ஒன்றுக்குக் கண்ட தீர்வு அனைத்திற்கும் பொருந்தும். நன்கொடையாகப் பலவிடத்திலிருந்தும் வந்த பழங்கணினிகளைக் கொண்ட தோட்டப் பள்ளிக்கு அந்த வாய்ப்பில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. ஆதலால் தீர்வை மனனம் செய்தலினும் முறையை அறிதலே அங்குள்ள ஆசிரியர்க்கு உதவும்.

பார்வையற்ற மாணவர் திரையை 'ஓர்க்கா' என்னும் வாசிப்பானின் வழியே செவியாற் படிக்கின்றனர். ஓசை நின்றால் மற்றையோர்க்குப் பாட்டுப் போயிற்று. அவர்க்குத் திரையே போயிற்று. ஆல்சாமிக்சரின் குறியையும் அவர் காணவியலாது. ஆகவே வாயைத் திறக்கும் கட்டளையை அவர் விரல்களுக்கு முன்னரே பழக்கிவைத்தல் ஆசிரியர் கடன். ஓசை மீண்டதும் 'ஈஸ்பீக்' என்னும் பேச்சுப்பொறி தமிழையும் வாசிக்கும். அதன் குரல் இனிமையானதன்று. சில சொற்களை இடறியும் உச்சரிக்கும். அதன் தமிழ் ஒலிப்பு விதிகள் எவரும் திறந்து திருத்தத்தக்க எளிய எழுத்துக்கோப்பாகவே வைக்கப்பட்டுள்ளன.