‘கெலிங்’ என்ற சொல்லும் மிதிவண்டி விலக்கும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் இனப் பெயர்களின் வரலாறு

முன்ஷி அப்துல்லா 1849-இல் வெளிவந்த தமது ‘ஹிகாயத் அப்துல்லா’ நூலில், தாம் இளமையில் ‘பகாசா கெலிங்’ கற்ற செய்தியைக் குறிப்பிடுகிறார். அம்மொழி தமிழே. மலாக்காவில் வசதிமிக்க குடும்பத்துப் பிள்ளைகள் அதனைப் பயில்வது முன்னோர் காலத்து வழக்கம் என்பதும் அவர் தரும் செய்தி. அவருடைய முன்னோருள் ஒருவர் நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்த அரபியர். ஆகவே அவர் ‘கெலிங்’ என்று எழுதியபோது பிறரை இழித்துரைக்கவில்லை. தம் குருதியின் ஒரு பகுதியையே குறிப்பிட்டார் எனலாம். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 2003-இல், அதே சொல்லைத் தன் அகராதியில் வைத்திருந்தமைக்காகக் கோலாலம்பூரில் உள்ள டேவான் பகாசா டான் புஸ்தாகா மீது இந்திய முஸ்லிம்கள் வழக்குத் தொடுத்தனர். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் அச்சொல்லுக்கு நேர்ந்தது யாது என்பதையும், அதே காலத்தில் தமிழர் தமக்குள் வழங்கிய சொற்களுக்கு நேர்ந்தது யாது என்பதையும் இக்கட்டுரை நோக்குகிறது.

‘கெலிங்’ என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் திரிபு என்பது அறிஞர் பெரும்பாலோர் ஏற்ற முடிவு. கைதிகளின் காற்சங்கிலி எழுப்பிய ஒலியால் அப்பெயர் வந்தது என்று இன்றும் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. ஆங்கிலேயர் இந்தியக் கைதிகளைக் கொண்டுவருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அச்சொல் வழக்கில் இருந்தமையால், இவ்விளக்கம் நிற்காது. ‘செஜாரா மெலாயு’ கெலிங் நாட்டு அரசன் ராஜா சூரனைப் பெருவேந்தனாகக் காட்டுகிறது. ஹங் துவா தூது சென்ற நாடுகளுள் கெலிங் நாடும் ஒன்று. பினாங்கில் காதர் முகைதீன் கட்டுவித்த பள்ளிவாசல் அவர் வகித்த ‘கப்பித்தான் கெலிங்’ என்னும் பதவியின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. வணிகரோடும் அரசரோடும் சேர்ந்து வழங்கிய வரையில் சொல்லில் மாசு இல்லை.

மாசு படிந்தது தோட்டங்களில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பி, கரும்பு, பின்னர் ரப்பர் என வந்திறங்கிய தென்னிந்தியர் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, ‘கெலிங்’ என்றால் வணிகன் என்ற நினைவு மங்கி, லயத்தில் வாழும் ஏழை என்ற நினைவு மேலோங்கியது. அரசாங்க ஏடுகளும் பெயரை மாற்றிக்கொண்டே வந்தன. நீரிணைக் குடியேற்றங்களின் 1871-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் ‘கிளிங்’ என்னும் வகை இருந்தது. அடுத்தடுத்த கணக்குகளில் ‘தமிழர்’ என்னும் பெயர் அவ்விடத்தைப் பெற்றது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி பின்னர் இந்தியர் குடியேற்ற நிதியாயிற்று. (நம் துறையும் ‘இந்திய ஆய்வியல்’ என்ற பெயரையே தாங்கி நிற்பதை வாசகர் இங்கு நினைவுகூரலாம்.) ஏட்டில் பெயர் உயர்ந்த அளவுக்கு வாழ்வு உயரவில்லை.

இவ்விடத்தில் ‘கூலி’ என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறுவது, பெறுகின்றவன் அல்லன். தோட்ட ஆவணங்களிலோ அது மனிதனின் பெயராயிற்று. ஊதியத்தின் பெயரால் ஊதியம் பெறுவோனை அழைத்த இவ்வழக்கைத் தோட்டத்துத் தமிழரும் ஏற்றுக்கொண்டு வழங்கினர். வெள்ளையர் ‘துரை’, எழுத்தர் ‘கிராணி’, அவருக்குக் கீழே மண்டோரும் கங்காணியும். அதற்கும் கீழே இருந்தவர்க்கு, பேச்சில் ‘நீ’யும் ‘டா’வும் தவிர வேறில்லை. பன்மையால் மதிப்புணர்த்தும் வளமுடைய மொழியில், ‘நீங்கள்’ என்பது மேல்நோக்கி மட்டுமே சென்றது. கிராணிமாருள் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் இரயில்வே, அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த எழுத்தர்களிடையிலும் ‘சிலோன்காரர்’, ‘இந்தியாக்காரர்’ என்ற பாகுபாடு நெடுங்காலம் நீடித்தது. ஒரே மொழி பேசியோரிடையே அது நீடித்ததுதான் வியப்பு.

கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டு எழுந்த வேலைநிறுத்தம், மரியாதை மொழியின் வரலாற்றில் வைத்து எண்ணத்தக்கது. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரைத் திரட்டினர். சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவம், கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, பெண்கள்மீது மேலாளர் நிகழ்த்தும் அத்துமீறல் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் அடங்கும். அவற்றுள் ஒன்று இன்றைய மாணவர்க்கு விந்தையாகத் தோன்றும்: துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்படுகையில் தொழிலாளி மிதிவண்டியில் அமர்ந்து செல்லலாகாது, இறங்கியாக வேண்டும் என்னும் வழக்கம் நீங்க வேண்டும்.

ஊதியத்தைக் கேட்ட அதே மூச்சில் மிதிவண்டியைக் கேட்டனர். பொருளியல் வரலாற்று நூல்கள் இதனைப் பட்டியலின் கடைசியில் வைத்துக் கடந்து செல்வதுண்டு. அவ்வாறு கடப்பது பொருந்தாது என்பது என் கருத்து. வாய்ச்சொல்லில் ‘நீ’ எதுவோ, உடல்மொழியில் இறங்கி நிற்றல் அதுவே. இறங்கி நின்ற உடல் ‘நீங்கள்’ என்கிறது. இறங்காமல் சென்றவர் ‘நீ’ என்னும் விடையைப் பெறுகிறார். அன்றியும், அக்கோரிக்கை துரைமாரை மட்டும் நோக்கியதன்று. தமிழரும் மலையாளியருமாகிய கிராணிமாரையும் நோக்கியது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் கிளர்ச்சி பரவியது, படைகள் வரவழைக்கப்பட்டன, சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சொற்கள் மாறின. 1929-இல் பெரியார் மேற்கொண்ட மலாயாப் பயணம் விதைத்ததும், கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ வழியாக வளர்த்ததும் இம்மாற்றத்துக்கு உரமாயின. ‘கூலி’ அகன்று ‘தொழிலாளி’ வந்தது. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே ஏற்றது. ‘ஸ்ரீ’ இருந்த இடத்தில் ‘திரு’ அமர்ந்தது.

உறவுப்பெயர்களின் பயணமோ வேறு திசையில் சென்றது. தமிழரிடமிருந்து பிறர் கடன்பெற்ற ‘தம்பி’, மலாயா அலுவலகங்களில் ஏவலாளின் பெயராகச் சுருங்கியது. நரைத்த முதியவரும் அங்கே ‘தம்பி’யே. ‘மாமா’விலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் ‘மாமாக்’, ஒரு சமூகத்தின் பெயராகவும் உணவுக்கடையின் பெயராகவும் நிலைத்தது. அன்புச் சொல்லே இடம் மாறினால் தாழ்த்தும் சொல்லாகும் என்பதற்கும், ‘கெலிங்’ மட்டும் தனிப் பாவம் செய்யவில்லை என்பதற்கும் இவை சான்று. இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் சீன இளைஞரும் மலாய் இளைஞரும் ‘மச்சா’ என்று ஒருவரையொருவர் அழைப்பதைக் கேட்கலாம். அதில் இழிவு இல்லை.

2003-ஆம் ஆண்டு வழக்கை இப்பின்னணியில் காணும்போது இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. அகராதி வழக்கைப் பதிவு செய்யும் கடமையுடையது. ‘கெலிங்’ என்னும் பதிவை அடியோடு நீக்கினால், தமிழ் ஒருகாலத்தில் மலாக்கா மேன்மக்கள் கற்ற மொழி என்பதற்கான சான்றின் திறவுகோலும் உடன் மறையும். ஆயினும், பள்ளித் திடலில் அச்சொல்லால் அடிபட்ட சிறுவனுக்கு முன்ஷி அப்துல்லாவைச் சான்று காட்டுவதில் பயனில்லை. அச்சொல் எக்காலத்தில் எவ்வாறு பொருள் திரிந்தது, இன்று எங்ஙனம் புண்படுத்துகிறது என்பதைப் பதிவிலேயே குறித்தல் அகராதிக்கு இயலும். குறிக்காமல் விடுவது நடுநிலையாகாது.

‘இந்தர்லோக்’ சிக்கல் இதனினும் கடினமானது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த இந்நாவல், 2011-இல் கோலாலம்பூர், சிலாங்கூர் பகுதிப் பள்ளிகளில் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடமாக வைக்கப்பட்டது. கப்பலில் வந்த தமிழரைப் ‘பாரியா’ என்று அது குறித்தமை பெரும் எதிர்ப்பை எழுப்பியது. திருத்தம் செய்வதாக முதலில் கூறிய அரசு, ஆண்டிறுதியில் நாவலைப் பாடத்திலிருந்து விலக்கியது. மலாய் வழக்கில் ‘பாரியா’ தெருநாயையும் குறிக்கும் வசைச்சொல். அதனைச் சமூகம் எதிர்த்தது முறையே.

ஆனால் எதிர்ப்பின் குரலில் இரண்டு வாதங்கள் ஒன்றாய்க் கலந்திருந்தன. இச்சொல் மனிதரை இழிவுபடுத்துகிறது என்பது ஒன்று. வந்தவர் அனைவரும் அச்சாதியினர் அல்லர் என்பது மற்றொன்று. முதலாவது, சொல்லை மறுக்கிறது. இரண்டாவது, இழிவை மறுக்காமல் அதனை வேறொருவர் தலையில் வைக்கிறது. சென்னை மாகாண அரசு 1922-இலேயே ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. மலாயாவிலும் அப்பெயர் தாங்கிய சங்கங்கள் எழுந்தன. 2011-இன் கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் அப்பெயர் பெரிதும் ஒலிக்கவில்லை. கிள்ளான் வகுப்பறை ஒன்றில் அவ்வாண்டு அமர்ந்திருந்த, அக்குலத்தில் பிறந்த மாணவன் தன் ஆசிரியரும் பெற்றோரும் தலைவர்களும் ‘நாம் அவர்கள் அல்லர்’ என்று சொல்லக் கேட்டிருப்பான். நாவலில் அவன் படித்ததைவிட, அவன் அங்கே கேட்டது எவ்வகையில் மென்மையானது என்பதை நம் ஆய்வுகள் இன்னும் வினவத் தொடங்கவில்லை.