வண்டியா, வழியா?

சேற்றில் வண்டி சறுக்கினால் பழி முதலில் ஓட்டியவர் தலையில் விழும். அடுத்து பாரத்தின் மேல். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனின் நாடாளுமன்றமும் அப்படித்தான் நினைத்தது. கனத்த சரக்கு வண்டிகள் சுங்கச் சாலைகளை உழுதுபோட்டன. அந்தத் தடங்களில் மழைநீர் தேங்கிச் சகதியானது. அவ்வண்டிகளின் சக்கரம் 9 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்றது 1753ஆம் ஆண்டுச் சட்டம். அகலச் சக்கரத்துக்குச் சுங்கச் சலுகையும் கிடைத்தது. உருளைபோல அது சாலையை அமுக்கிச் சமன் செய்யும் என்பது கணக்கு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாரம் பரவினால் சக்கரம் அதிகம் புதையாது. ஆனால் வண்டிக்காரர்கள் சட்டத்தைவிடக் கெட்டிக்காரர்கள். சக்கரத்தின் விளிம்பைக் கூம்பாகச் சரித்துச் செய்துகொண்டார்கள். அளந்தால் 9 அங்குலம். தரையை அழுத்தியதோ அதில் ஒரு பங்கு.

வழக்கைத் திருப்பிப் போட்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லௌடன் மக்காடம். 1816இல் பிரிஸ்டல் சுங்கச் சாலைகளுக்குக் கண்காணிப்பாளரான அவர், வண்டிகளுக்கு ஏற்றபடி சாலையைப் போடுங்கள் என்றார். பாரத்தைத் தாங்குவது அடிமண்தான்; காய்ந்த மண் தாங்கும், நனைந்த மண் குழையும். ஆக, சாலை என்பது அவருக்கு மண்ணின் மேல் போட்ட கூரை. 6 அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மிகாத உடைகல்லைச் சுமார் 10 அங்குலக் கனத்துக்குப் பரப்பச் சொன்னார். நீரை உறிஞ்சும் களிமண்ணைக் கலக்கவே கூடாது. வண்டிகள் ஓட ஓடக் கற்களின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். லேசாக உயர்ந்த நடுப்பகுதி நீரைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும். நம் கப்பி ரோடும் இந்தக் குடும்பம்தான்.

அடிமண்ணை இவ்வளவு நம்பலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சாலைப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு பெருங்கற்களை அடியில் அடுக்கியே சாலை போட்டார். உறுதியில் குறை சொல்ல முடியாது, செலவுதான் கூடுதல். நிதானமாக ஓட்டினாலே போதாதா என்பது இன்னொரு கேள்வி. நிதானம் ஒரு வண்டியைக் காப்பாற்றும். தேங்கிய நீர் அங்கேயே இருக்க, அடுத்து வரும் வண்டி அதே பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். மக்காடம் சொன்னது அந்த நீரைப் பற்றி.

மோட்டார் வண்டி வந்ததும் கப்பிச் சாலை புழுதியாகப் பறந்தது. 1902இல் எட்கர் ஹூலி தார் கலந்த கல்லுக்குக் காப்புரிமை பெற்றார். தாரிட்ட வழியில் புழுதியும் சேறும் அடங்கின. ஆனால் மழை நாளில் அந்த வழவழப்பில் லாடம் அடித்த குதிரைகள் வழுக்கின. குதிரைக்காரர்கள் இப்போது சாலையைத் திட்டத் தொடங்கினார்கள்.