களப்பு கடலாகாது

வண்ணாத்திவில்லுக் கரையிலிருந்து நேர் மேற்கே போனால், புத்தளம் களப்பையும் கற்பிட்டிக் குடாநாட்டையும் மன்னார் வளைகுடாவையும் தாண்டி ஏறத்தாழ 230 கிலோமீற்றர் தொலைவில் கூடங்குளம் அணுமின் நிலையம் வரும். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில் இருக்கின்றன. 2011, 2012இல் இடிந்தகரை மக்கள் அந்த நிலையத்துக்கு எதிராகத் திரண்டபோது, உலையிலிருந்து கடலுக்கு வரும் நீர் மீன்பாட்டை என்ன செய்யும் என்று மீனவர்கள் கேட்டார்கள். இக்கரையிலும் கவலை எழுந்தது. அப்போதைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க தென்னிந்திய அணு நிலையங்களைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். 2015 பெப்ரவரியில் இலங்கையும் இந்தியாவும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. 2023 ஓகஸ்டில் யப்பான் ஃபுகுஷிமா அணு நிலையத்து நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது அதே கேள்வி உலகமெங்கும் திரும்பவும் எழுந்தது. அதற்குக் கிடைத்த பதிலும் பழையதுதான்: சுத்திகரித்தாகிவிட்டது, கடல் பெரியது, கலந்தால் கரைந்துவிடும். இந்தப் பதில் சில நீர்நிலைகளுக்குப் பொருந்தும். வண்ணாத்திவில்லின் கரைக்குப் பொருந்தாது. இந்த ஊரின் வரலாறே அதற்குச் சாட்சி.

முதலில் ஃபுகுஷிமாவுக்கு நியாயம் செய்வோம். 2011 மார்ச் 11 சுனாமியில் சிதைந்த உலைகளைக் குளிர்விக்கப் பயன்பட்ட நீர், ஆயிரத்துக்கு மேற்பட்ட தாங்கிகளில் 13 இலட்சம் தொன்னுக்கு மேல் சேர்ந்திருந்தது. சுத்திகரிப்பு முறை 62 வகைக் கதிரியக்கப் பொருட்களை அகற்றும். நீரின் மூலக்கூறோடே ஒட்டிக்கொண்டிருக்கும் ட்ரிட்டியத்தை அதனால் பிரிக்க முடியாது. ஆகவே கடல்நீரைக் கலந்து, லீற்றருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே இறக்கி, ஒரு கிலோமீற்றர் நீளச் சுரங்கக் குழாய் வழியாக வெளியே விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவே 10,000 பெக்கரல். சர்வதேச அணுசக்தி முகவரகமும் 2023 ஜூலையில் இதன் பாதிப்பு மிகமிகச் சொற்பம் என்று அறிக்கை தந்தது. இந்தக் கணக்கை நான் ஏற்கிறேன். பசிபிக் பெருங்கடலின் நீரோட்டம் அதைத் தாங்கும். ஆனால் அங்குள்ள மீனவர்களின் கோபம் அறியாமையால் வந்ததல்ல. சம்பந்தப்பட்டவர்கள் ஏற்காமல் நீரை விடமாட்டோம் என்று 2015இல் அவர்களுக்கு எழுத்தில் வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ட்ரிட்டியம் மட்டும்தான் மிச்சம் என்று சொல்லப்பட்டுவந்த தாங்கிகளில், பெரும்பாலானவற்றில் வேறு பொருட்களும் வரம்புக்கு மேல் இருந்தது 2018இல் வெளிவந்தது. அந்த நீரை மறுபடி சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. சரியான கணக்குக்குக்கூட அது சரி என்று நம்புவதற்கு ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது.

இனிப் புத்தளம் களப்பைப் பார்ப்போம். பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். ஆழமோ பெரும்பாலும் ஓரிரண்டு மீற்றர். கடலோடு அது சேரும் வாய் வடக்கே, ஒல்லாந்துக் குடாப் பக்கத்தில் இருக்கிறது. தெற்கு முனை மூடிய பைபோலக் கிடக்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் மழைக்காலத்தில் நன்னீர் கொண்டுவரும். வறட்சி வந்தால் வெயில் உறிஞ்சும் நீருக்கு ஈடாகக் கடல்நீர் வடக்கு வாயால் உள்ளே வந்து தெற்கு நோக்கி நகரும். வந்த நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தெற்குக் களப்பு நீர் கோடையில் கடலைவிடக் கரிப்பது இதனால்தான். புத்தளத்தின் உப்புத் தொழில் முழுவதும் இந்த இயல்பின்மீது எழுந்தது. கண்டி இராச்சியத்து மலைநாட்டுச் சமையலுக்கு உப்பு போன வழிகளில் புத்தளம் முதன்மையானது. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் இந்தக் கரையைப் பிடித்துவைத்திருந்ததற்குக் கண்டியின் உப்பைக் கையில் வைத்திருப்பதும் ஒரு காரணம். 1766இல் கரையோரம் முழுவதும் அவர்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டபோது, கண்டி மக்கள் உப்பு எடுக்கும் உரிமையும் அந்த உடன்படிக்கையில் பேசப்பட்டது. பிறகு ஆங்கிலேயர் உப்பை அரச ஏகபோகமாக்கினார்கள். இத்தனை நூற்றாண்டு அரசியலும் நடந்ததற்கு ஒரே காரணம், இந்த நீர் தன்னுள் வந்ததைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துவைக்கும் என்பதே. உப்பைச் சேர்த்துவைக்கும் நீர் கன உலோகத்தையும் சேர்த்துவைக்கும். வண்ணாத்திவில்லு வடக்கே, வாய்க்கு அருகில் இருப்பதால் அங்கே விடும் கழிவுநீர் கடலுக்கே போய்விடும் என்று யாரும் வாதிடலாம். கோடையில் களப்பின் நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதற்குத் தெற்கே வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பைவிட வேறு சான்று தேவையில்லை.

நிலத்தடியின் கதையும் இதே போலத்தான். வண்ணாத்திவில்லின் சிவப்பு மண்ணுக்குக் கீழே மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. கடற்சிப்பிகளும் கடல்விலங்கு எலும்புகளும் பதிந்த அந்தப் பாறை, யாழ்ப்பாணத்தின் அடியில் உள்ள அதே இனம். அதன் ஆழத்தில் அழுத்தத்தோடு நிற்கும் நன்னீர்தான் நிலவியலாளர் வண்ணாத்திவில்லு வடிநிலம் என்று குறிப்பிடும் நீர்த்தேக்கம். பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக வண்ணாத்திவில்லுப் பகுதியின் அருவக்காட்டில் இந்தக் கல்லை வெட்டத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கல் ஏற்றுவதற்காகவே தண்டவாளம் போடப்பட்டது. தொழிற்சாலை அரசிடமிருந்து தனியாரிடம் போய், 2016இல் தாய்லாந்து நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. மிஞ்சியவை குழிகள். சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. ஓரிடத்தில் விழுந்தது இன்னோரிடத்துக் கிணற்றில் எழும். இதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்து மக்களிடம் கேட்கலாம். மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டது என்ற முறைப்பாட்டில் வல்லுநர் முடிவுகள் ஒன்றோடொன்று மோதின. குடிநீர் தாங்கிகளில் வந்தது. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம்தான் நிலத்தடி நீர் மாசடைந்ததை உறுதிசெய்து 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கிணற்றுக்காரருக்கு அளக்கும் கருவி இல்லாததால், தன் வாளியில் மிதந்த எண்ணெயை நிரூபிக்க அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அருவக்காட்டுக் குழிகளுக்குத்தான் கொழும்பின் குப்பை வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். முன்பே பேசப்பட்டுவந்த திட்டம் அதன்பின் வேகம் எடுத்தது: நாளொன்றுக்கு 1,200 மெற்றிக் தொன், ஏறத்தாழ 170 கிலோமீற்றர், பெரும்பாலும் ரயிலில். இதற்கு எதிராக 2018 செப்டெம்பர் இறுதியில் புத்தளம் நகரில் தொடங்கிய சத்தியாக்கிரகம் நூறு நாட்களைக் கடந்தது. முஸ்லிம், சிங்கள, தமிழ் மக்களும் பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் விகாரையும் ஒரே பந்தலில் நின்றது அபூர்வமான காட்சி. 2019 ஓகஸ்டில் லொறிகளில் குப்பை வரத் தொடங்கியது. ஒக்டோபரில் அங்கே ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது. குப்பைக்குள் மழை இறங்கி ஊறிக் கறுத்து வடியும் நீரில் அமிலமும் அமோனியாவும் ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கும். அதைப் பிளாஸ்டிக் விரிப்பு தடுக்கும், நிலையம் சுத்திகரிக்கும் என்பதே திட்டத்தின் உறுதி.

குப்பைநீரையும் கதிரியக்க நீரையும் ஒப்பிடுவது தவறு என்று விஞ்ஞானம் அறிந்தவர் சொல்லலாம். நஞ்சின் வகை வேறு என்பதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் ட்ரிட்டியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகும். ஈயம் எக்காலத்திலும் பாதியாகாது. கொழும்புக் குப்பை எங்காவது போய்த்தானே ஆகவேண்டும் என்பது இன்னும் கனமான கேள்வி. மீதொட்டமுல்லயில் இறந்தவர்களும் ஏழைகளே. ஆனால் ஒரு குடியிருப்பின் ஆபத்தை நீக்க அதை இன்னொரு குடியிருப்புக்கு மாற்றுவது தீர்வாகாது. அழுகும் கழிவைத் தோன்றும் இடத்திலேயே பிரித்து உரமாக்கினால் கறுத்த நீரில் பெரும்பகுதி உண்டாகவே உண்டாகாது. புத்தளம் அபிவிருத்தியை எதிர்க்கும் ஊர் என்ற குற்றச்சாட்டுக்கு நிற்கக் கால் இல்லை. நாட்டுக்குச் சீமெந்தும் உப்பும் கொடுத்து, நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையத்தின் புகையையும் சாம்பலையும் வாங்கிக்கொண்டு, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட பல்லாயிரம் முஸ்லிம்களுக்கு இடமும் கொடுத்த மாவட்டம் இது.

பயம் மிகையானது, மீன் நன்றாகத்தான் இருக்கிறது என்ற பதிலும் மீனவரைக் காப்பாற்றாது. 2021இல் இரசாயனம் ஏற்றிவந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரை முழுவதும் மீன் வாங்க ஆளில்லாமல் போனது. சந்தையில் நம்பிக்கை போனால் நல்ல மீனும் விலைபோகாது. அந்த நம்பிக்கையைத் தரக்கூடியது மக்கள் தம் கண்ணால் பார்க்கும் அளவீடு ஒன்றே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ள நாடு இது. கேட்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம். அருவக்காட்டின் கசிவுநீர், சுற்றியுள்ள கிணறுகள், களப்பின் வடக்கு, தெற்கு நீர் ஆகியவற்றின் அளவீடுகளை மத்திய சுற்றாடல் அதிகாரசபை மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். மாதிரி எடுக்கும்போது சேராக்குளி, கரைத்தீவு மீனவர்கள் உடன் நிற்க வேண்டும். அதுவரை சுத்திகரிக்கப்பட்டது என்ற பெயரில் ஒரு சொட்டு நீரும் இந்தக் களப்புக்குள் விடப்படக் கூடாது.