அஞ்சறைப் பெட்டியும் அஞ்சுநாட்டு மலையும்

தேவிகுளம் வட்டத்தில் தமிழர் இல்லம் எதனுள் நுழைந்தாலும் அடுப்பங்கரையில் ஓர் அஞ்சறைப் பெட்டியைக் காணலாம். மிளகும் சீரகமும், மஞ்சளும் வெந்தயமும், கடுகும் அதன் அறைகளை நிறைத்திருக்கும். குழம்புக்கும் இரசத்துக்கும் உதவும் அப்பெட்டி, நள்ளிரவில் குழந்தை இருமினால் மருந்துப் பெட்டியாகவும் மாறிவிடுகிறது. மருத்துவமனைக்கு மலைப்பாதை வழியே நெடுந்தொலைவு செல்லவேண்டிய ஊர்களில் அன்னையின் கை முதலில் நாடுவது அதனையே அன்றோ? அச்சிறு பெட்டியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சிறிது ஆராய விழைகின்றோம். அதன் வழியே, நம் சங்கத்துக்குரிய கடமை ஒன்றையும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மிளகும் ஏலமும் நம் மலைக்கு வேற்றுநாட்டிலிருந்து வந்தவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளே அவற்றின் தாயகம். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூறு பேசுகின்றது. இந்தியாவுடன் நடக்கும் வாணிகத்தால் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் உரோமைப் பேரரசை விட்டு வெளியேறுகின்றது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தி எழுதினார். காரம் ஒன்றைத் தவிர வேறு சிறப்பில்லாத மிளகை மக்கள் ஏன் இவ்வளவு விரும்புகின்றனர் என்றும் அவர் வியந்தார். ஆயினும், கி.பி. 408ஆம் ஆண்டில் அலாரிக் என்னும் படைத்தலைவன் உரோமை நகரை முற்றுகையிட்டபோது, பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இராத்தல் மிளகையும் திறையாகக் கேட்டான். மலைச்சாரலில் விளைந்த கரிய மணிகளுக்கு அத்துணை மதிப்பு இருந்தது.

பிறர் மிளகுக்குப் பொன் கொடுத்தனர். தமிழரோ மருந்துச் சரக்குகளின் பெயரை அறநூல்களுக்கே சூட்டினர். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான திரிகடுகம், சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றின் பெயரால் அமைந்தது. ஐந்து சிறு வேர்களின் பெயரைப் பெற்றது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலான ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரைத் தாங்கியது ஏலாதி. உடற்பிணிக்கு இம்மருந்துகள் போல உள்ளப்பிணிக்கு அந்நூல்கள் என்பது கருத்து. கேட்ட அளவில் விளங்காத பொருளை எவரும் உவமையாகக் கூறார். ஆதலின், அக்காலத்து மக்களுக்கு இச்சரக்குகள் நன்கு பழகியவை என்று கொள்ளலாம். இன்று நாம் நாள்தோறும் உண்ணும் மிளகாய் இவற்றுள் இடம்பெறாமைக்கும் காரணம் உண்டு. அஃது அமெரிக்காவில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்தது. மிளகைப் போல் காரமுடைய காய் என்பதனாலேயே அதற்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களிலும், வட்டவடையிலும் தமிழ் பேசும் உழவர் குடியேறி வாழ்ந்தனர். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர் தம் முன்னோர் என்பது அவர்தம் மரபு. காந்தளூர், வட்டவடைப் பூண்டு இன்று புவிசார் குறியீடு பெற்றுச் சிறந்து விளங்குகின்றது.

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளின் உரிமையைப் பெற்றார். காப்பி, ஏலம், சின்கோனா ஆகியவற்றைப் பயிரிட்டுப் பார்த்த பின்னரே தேயிலை இங்கு வேரூன்றியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள் காடு திருத்தினர், கொழுந்து கிள்ளினர், லயங்களில் வாழ்ந்தனர். போடியிலிருந்து குரங்கணி வழியாகச் செங்குத்தான மலையை நடந்து ஏறிய அவர்கள் கொண்டு வந்த மூட்டை சிறிது. ஆயினும் சுக்கின் குணமும் ஓமத்தின் குணமும் அறிந்த பாட்டிமார் அவர்களுடன் வந்தனர். குளிருக்குச் சுக்கும் மிளகும், வயிற்றுப் பொருமலுக்கு ஓமமும் பெருங்காயமும், வயிற்றுப்போக்குக்கு மாதுளந்தோலும், பல்வலிக்குக் கிராம்பும் என அவர்கள் கண்ட மருத்துவம் தலைமுறைதோறும் வாய்மொழியாகவே வந்தது.

அம்மருத்துவத்துக்கும் எல்லை உண்டு. தோட்டங்களில் பலரை வாட்டிய மலைக்காய்ச்சலைச் சுக்குக் கஷாயம் தீர்க்கவில்லை. அதனைத் தணித்தது சின்கோனாப் பட்டையிலிருந்து 1820ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்த கொயினா மருந்தே. அம்மரம் தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைக்குரியது. ஒரு மலைநாட்டின் மரப்பட்டை உலக மருந்தாயிற்று. நம் மலையிலும் வந்து முளைத்தது. நாட்டு மருந்து என்பதனால் அதனை இகழ்தலும் தகாது. எதற்கும் அதுவே போதும் என்று இறுமாத்தலும் தகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

பாட்டிமார் சொன்னவற்றுள் பல இன்று ஆய்வுக்களத்தில் நிலைபெற்றுள்ளன. இஞ்சி குமட்டலைத் தணிக்கின்றது. கிராம்பு எண்ணெயின் யூஜினால் பல் மருத்துவர் கையாளும் பொருளாயிற்று. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். எலுமிச்சையும் ஆரஞ்சும் உண்ட இருவரே விரைந்து தேறினர். நம் நெல்லிக்கனியில் ஆரஞ்சைவிடப் பன்மடங்கு வைட்டமின் ‘சி’ உண்டு. மஞ்சளின் குர்க்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகின் பைப்பரின் உடன் சேரும்போது, சேரும் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்வதைப் பெங்களூர் ஆய்வாளர் 1998இல் கண்டனர். பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்ட கை எந்த ஆய்வேட்டையும் படித்ததன்று.

எனினும், வாய்மொழி அறிவுக்கு இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, உரிமை இழத்தல். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்தது. பாட்டி சொன்னாள் என்பது அவ்வழக்கில் சான்றாகவில்லை. பழைய நூல்களும், 1953இல் வெளியான இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையும் சான்றாயின. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. எழுதி வைத்ததனால் மீண்டது மஞ்சள்.

இரண்டாவது, அடியோடு மறைதல். சீனத்து அறிஞர் தூ யூயூ, நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் ஒரு பச்சிலையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியும் முறை எழுதப்பட்டிருந்ததைக் கண்டார். அக்குறிப்பே மலைக்காய்ச்சலுக்கு ஆர்ட்டெமிசினின் மருந்தைத் தந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவ்வொரு வரியை எவரும் எழுதாது விட்டிருப்பின் என்னாகியிருக்கும்?

நம் லயங்களில் எழுதப்படாத வரிகள் எத்தனை! ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டை விடவேண்டியிருப்பதால், முதியோர் பலர் தேனிக்கும் தென்காசிக்கும் திரும்பிச் செல்கின்றனர். பேரக்குழந்தைகள் நகரங்களில் இருக்கின்றனர். கேட்பவரின்றி அவ்வறிவு ஒவ்வொரு மூதாட்டியோடும் மறைகின்றது.

ஆதலின், நம் சங்கத்து இளைஞர் இவ்வாண்டு குறிப்பேடு ஒன்றைத் தொடங்குதல் வேண்டும். எந்தச் சரக்கு, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்பவற்றோடு யாருக்கு ஆகாது என்பதையும் எழுதுக. அதனை மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்துக. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே உண்டு; ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பது இன்றைய மருத்துவம். மஞ்சள் சாற்றை மாத்திரையாகப் பேரளவில் உண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்னவரும் நம் முன்னோரே. விடாத காய்ச்சலுக்கும், மூச்சுத் திணறலுக்கும், பாம்புக்கடிக்கும் அஞ்சறைப் பெட்டியைத் திறவாது, வண்டியை அழைப்பதே அறிவுடைமை.

இவ்வாறு எழுதிய ஏடு அடுத்த ஆண்டு மலரில் வெளிவருமாயின், மலையேறி வந்த மூதாட்டியர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாகும். வாழ்க அவர்தம் நினைவு! வளர்க நம் சங்கம்!