பச்சைமலையின் முகவரி: அரும்பாவூர் வட்டாரப் பல்லுயிர்த் தரவில் இன்மையும் பதிவின்மையும்

பல்லுயிர்த் தரவுத்தளத்தில் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று இட்டுத் தேடுபவருக்கு 1995க்கு முந்தைய செடிப் பதிவுகள் அகப்படுவது அரிது. அந்த ஆண்டுவரை அப்படியொரு மாவட்டமே கிடையாது. அரும்பாவூரும் அதை ஒட்டி எழும் பச்சைமலை அடிவாரமும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. அரியலூரின் கதை இன்னும் சிக்கல்: 2001இல் தனி மாவட்டம், 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு, 2007இல் மறுபடி தனி. செடி நின்ற இடத்தில் நிற்க, அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இதைச் சரிசெய்வது எழுத்தர் வேலை என்று நம் துறையிலேயே ஒதுக்குவோர் உண்டு. இவ்வட்டாரத்தில் இனப்பாதுகாப்பு ஆய்வு தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்பது என் வாதம்.

பச்சைமலைத் தாவரங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரு நிறுவனத்தின் உழைப்பு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாட் உலர்தாவரகத்தை 1967இல் நிறுவிய கே.எம். மேத்யூ அடிகளார், மாணவர்களோடு கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன், கல்வராயன் என்று ஏறி இறங்கிச் சேகரித்தார். தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் (Carnatic) பகுதித் தாவரங்கள் குறித்த அவருடைய பெருந்தொகுதிகள் 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தன. இத்தகைய சேகரிப்பின் அடிப்படை ஒரு தாள்: அழுத்தி உலர்த்திய கிளை, மூலையில் ஒரு சீட்டு, அதில் பெயர், இடம், உயரம், நாள், சேகரிப்பு எண். கணினிக்கு வேண்டிய அட்சரேகை, தீர்க்கரேகை பழைய சீட்டுகளில் பெரும்பாலும் இராது.

'திருச்சிராப்பள்ளி மாவட்டம், பச்சைமலை, 750 மீ.' என்று ஒரு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரத்தில் எண்ணிமப்படுத்துபவர் மாவட்டத்தின் நடுப்புள்ளியை இட்டு நகர்ந்துவிட்டால் மலைச்செடி சமவெளியில் இறங்கிவிடும். விளைவு சிறியதன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியல், பரவலை மதிப்பிடும்போது பதிவுப் புள்ளிகளைச் சுற்றிப் பலகோணம் வரைகிறது. வாழும் பரப்பை 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாக எண்ணுகிறது. தவறான ஒரு புள்ளி பலகோணத்தை இழுத்து விரிக்கும். குறுகிய பரவல் கொண்ட செடி, தாளில் மட்டும் பரந்து வாழும். ஆபத்துப் பிரிவிலிருந்து நழுவவும் கூடும். இதற்கு அஞ்சி, ஐயமுள்ள புள்ளிகளை நிரல் எழுதி மொத்தமாக நீக்குவது இன்று வழக்கம். அது இரண்டாவது தவறு: நீக்கப்படுபவை பெரும்பாலும் பழைய பதிவுகள், அதாவது காடு இன்றைவிட அடர்ந்திருந்த காலத்தின் சாட்சிகள். 750 மீட்டர் என்ற குறிப்பையும் நிலவரைபடத்தையும் வைத்துப் புள்ளியை மலைமேல் ஏற்றி, எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்பதையும் கூடவே எழுதுவதே முறை. ஒரு தாளுக்கு அரைமணி நேரம் பிடிக்கலாம். பிடிக்கட்டும்.

பறவைப் பதிவுகளில் நிலைமை சற்று மேல். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடமாவது நின்று, கண்டதையெல்லாம் எழுதும் முழுப்பட்டியல் கேட்கப்படுகிறது. எழுதப்படாதது கண்ணில் படவில்லை என்று அதனால் பொருள்கொள்ள முடிகிறது. ஆனால் நிற்பதற்கு எங்கே போகிறோம்? அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999இல் சரணாலயம், 2024இல் ராம்சர் தலம். வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வந்து இறங்கும் நீர்நிலை. பார்வையாளர் அங்கே கூடுவது இயல்பு. அரும்பாவூர்ப் பக்கத்து முள்காட்டில் கவுதாரிக்காக யார் கால்கடுக்க நிற்பார்கள்? 942 இனங்களை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, திறந்தவெளிகளையே நம்பி வாழும் பறவைகள் வேகமாகக் குறைவதைச் சுட்டியது. நம் வருவாய்க் கணக்கிலோ அத்தகைய நிலத்துக்குப் பெயர் 'தரிசு'. ஒரே நிலம் வருவாய், பல்லுயிர் என இரு பதிவேட்டிலும் வெறுமையாகக் கிடக்கிறது.

பதிவேட்டில் ஏறாத அறிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சிற்பத்தின் ஊரைச் சொல்லும், மரம் நின்ற ஊரைச் சொல்லாது. எந்த மரம், எங்கே நின்றது என்பதைச் சிற்பிகளிடமே கேட்டுப் பதியலாம். அவர்கள் சொல்லும் உள்ளூர்ப் பெயரை நம்பலாமா என்ற தடை எழும். நியாயம்தான்: வாகை என்றால் நாட்டு வாகையும் உண்டு, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி வாகையும் உண்டு. சாலையோரம் போகிறவர் குழம்பலாம். மரத்தை அறுத்து, வைரம் எது வெளிறு எது என்று பார்த்து உளி வைக்கிற ஆசாரி குழம்புவது குறைவு. பெயரோடு ஒரு கழிவுச் சில்லையும் வாங்கி உலர்தாவரகத்தில் வைத்தால் ஐயத்தைப் பின்னால் வருபவர் நுண்ணோக்கியில் தீர்த்துக்கொள்வார். தரவுப் படிவத்தில் உள்ளூர்ப் பெயருக்கென்று ஒரு கட்டம் ஏற்கெனவே உண்டு, பலவேளை வெற்றாக. சில்லின் மேல் ஊர், ஏரி, மலைச்சரிவின் பெயர்களை மையால் எழுதச் சொல்லலாம்; மாவட்டத்தின் பெயருக்குப் பென்சில் போதும்.