ரேடியோ நெல்: காவிரிப் படுகையில் வேளாண் ஒலிபரப்பின் வரலாறு

ஆடுதுறை ஆய்வு நிலையம் ஆடுதுறை 27 என்று எண்ணிட்டு வெளியிட்ட நெல் இரகத்தைத் தஞ்சை மாவட்ட உழவர்கள் 1960களின் பிற்பகுதியில் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். விதையை உருவாக்கியவரின் பெயரோ, ஊரின் பெயரோ அன்றி, அதைப் பற்றிய சேதியைக் கொண்டுவந்த கருவியின் பெயரே பயிருக்கு நிலைத்தது, தமிழகத்தில் பொது ஒலிபரப்பு பெற்றிருந்த நம்பிக்கைக்கு எந்த அரசு அறிக்கையையும்விட வலுவான சான்றாகும்.

தமிழகத்தில் ஒலிபரப்பு நகரத்துக்குரியதாகவே தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப் பணமுடையால் 1927இல் நின்றுபோக, சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு மே 16இல் திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. வேளாண் ஒலிபரப்பைப் பொறுத்தவரை இவ்விரண்டில் திருச்சியே முதன்மையானது. ஏனெனில் காவிரியின் பாசனப் பரப்பை ஒட்டியிருந்த அந்நிலையத்தால் மேட்டூர் அணை திறப்பையும் நாற்றங்கால் பருவத்தையும் அந்தந்த வாரத்துச் செய்தியாகவே பேச முடிந்தது.

வானொலிப் பெட்டி விலையுயர்ந்ததாகவும், அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியதாகவும் இருந்த அக்காலத்தில், சிற்றூர் மக்கள் பெரும்பாலும் பொது இடத்தில் வைக்கப்பட்ட பெட்டியைச் சுற்றி அமர்ந்தே கேட்டனர். இக்கூட்டுக் கேட்பை ஒரு முறையாக வளர்த்தது, கனடாவின் முன்மாதிரியைப் பின்பற்றி யுனெஸ்கோ உதவியுடன் 1956இல் பூனா வட்டாரத்தின் 150 சிற்றூர்களில் நடத்தப்பட்ட சோதனையாகும். ‘வானொலி உழவர் மன்றம்’ எனப்பட்ட குழுவினர் நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்ப, விடைகள் பின்வரும் ஒலிபரப்பில் இடம்பெற்றன. 1959இல் இம்முறை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஒருவழிக் கருவியான வானொலியைக் கேள்வி கேட்கத்தக்கதாக மாற்றியதே இதன் அருமை.

இதற்கிடையே, விதை, உரம், கடன், அறிவுரை ஆகிய நான்கையும் ஒருங்கே வழங்கி விளைச்சலைப் பெருக்கும் நோக்குடன் வகுக்கப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு, அதாவது பேச்சு வழக்கில் ‘பேக்கேஜ் திட்டம்’ எனப்பட்டதற்கு, இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்றாக அமைந்தது. 1966இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் தோன்றியபோது திருச்சி நிலையத்தின் கடமை தெளிவாயிற்று: வயலில் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நாளில் உழவரின் சொற்களிலேயே சொல்வது.

அவ்வேளையில் கைக்கு வந்த இரகமே ஆடுதுறை 27. 1950களில் கட்டாக்கை மையமாகக் கொண்டு, உரத்தை நன்கு ஏற்கும் ஜப்பானிய நெல்லையும் வெப்பநாட்டு இந்திய நெல்லையும் ஒட்டுச்சேர்க்கும் பெருந்திட்டம் ஒன்று நடந்தது. அதன் எண்ணற்ற ஒட்டுகளுள் பயிராக நிலைபெற்றவை மிகச் சில. மலேசியாவில் மாசூரி அவ்வாறு நிலைத்தது. தமிழகத்தில் நோரின் 10, ஜி.இ.பி. 24 ஆகியவற்றின் சேர்க்கையில் பிறந்த ஆடுதுறை 27 நிலைத்தது. ஏறத்தாழ 105 நாளில் விளையும் அது, ஜூன் மாதத்தில் ஆற்றுநீர் வந்ததும் தொடங்கும் குறுகிய காலப் பட்டமான குறுவைக்குப் பொருந்தியதோடு, குறுவை அறுத்த வயலிலேயே தாளடி என்னும் இரண்டாம் போகத்தை நடவும் இடமளித்தது. ஆனால் இந்த இரகத்தின் பயன் நாற்றின் வயது, உரமிடும் வேளை, நீர் நிறுத்தும் நாள் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. கிராம சேவகர் ஒருவர் பல ஊர்களைச் சுற்றி வந்து சொல்லி முடிப்பதற்குள் பருவம் கடந்துவிடக்கூடிய இத்தகைய நுணுக்கங்களை ஒரே மாலையில் மாவட்டம் முழுவதற்கும் கொண்டு சேர்க்க வானொலியால் மட்டுமே இயன்றது. அதே சமயம், கேட்டவர் மறுநாள் சென்று வாங்கும்படி கிடங்கில் விதையும் உரமும் இல்லாதிருந்தால் அந்த மாலைப் பேச்சு வெறும் பேச்சாகவே நின்றிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ‘ரேடியோ நெல்’ என்ற பெயரில் அந்தக் கிடங்குகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்குண்டு.

வானொலி பரப்பிய இரகத்துக்கு ஒரு குறையும் இருந்தது. அறுவடையான மணி சிறிது காலம் முளைக்காமல் இருக்கும் உறக்கநிலை அதற்குப் போதுமானதாக இல்லை. குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலத்தில் வருவது. எனவே ஈரத்தில் கிடந்த கதிர்களிலேயே நெல் முளைவிட்டது. களத்தில் காயவைக்க வெயிலின்றி உழவர்கள் பெரும் இழப்புக்கு உள்ளாயினர். விளைச்சலைப் பெருக்குவதில் காட்டிய முனைப்பை விளைந்ததைக் காப்பதிலும் முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும். ஈரநெல்லைக் கெடாமல் காத்து உலர்த்தும் வழிகளைத் தேடி அப்படுகையிலேயே நடந்த ஆய்வுகள் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாக உருப்பெற்றன. தஞ்சாவூரில் இன்று இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அம்மையத்தின் வழிவந்ததாகும்.