ஹெர்குலஸ் முதல் ஹீரோ வரை: இந்திய மிதிவண்டி ஆலைகள் உருவான வரலாறு

பெங்களூரு: தென்னிந்தியாவில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய மூன்று மிதிவண்டிப் பெயர்களும் இங்கிலாந்தின் பர்மிங்காம் வட்டாரத்தில் பிறந்தவை. விடுதலைக்குப் பின்னர் அப்பெயர்களைத் தாங்கி நம் தெருக்களுக்கு வந்த வண்டிகளோ சென்னையை அடுத்த அம்பத்தூரில் உருவானவை.

இன்றைய மிதிவண்டியின் வடிவத்தை 1885-ஆம் ஆண்டு கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி நிலைநிறுத்தினார். 'ரோவர்' எனப் பெயரிடப்பட்ட அவரது வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. பின்சக்கரம் செயின் மூலம் சுழன்றது. மூன்று ஆண்டுகள் கழித்து ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல தொழில்களைச் சேர்ந்தவர்களும் மிதிவண்டித் தயாரிப்பில் இறங்கினர். பி.எஸ்.ஏ. நிறுவனம் 1861-இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. நம் வீட்டு வண்டிகளின் முகப்பில் மூன்று துப்பாக்கிகள் சின்னமாக இடம்பெற்றிருந்ததன் காரணம் இதுவே. நாட்டிங்காமில் தன் பட்டறை இருந்த தெருவின் பெயரையே ராலே நிறுவனம் சூட்டிக்கொண்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியா பெரும்பாலும் இறக்குமதி வண்டிகளையே நம்பியிருந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸ் போன்ற சில ஆலைகள் தோன்றின. விடுதலைக்குப் பின் உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிக்குத் தடைகள் உயர்ந்தன. வண்டியைக் கப்பலேற்றி விற்ற ஆங்கில நிறுவனங்களுக்கு, இங்கேயே வந்து ஆலை அமைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற்போனது.

ஹெர்குலஸ் பெயரை 1946-இல் விலைக்கு வாங்கியிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம், முருகப்பா குழுமத்துடன் கைகோத்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1951-இல் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸ் வண்டிகள் வெளிவந்தன. அதே காலகட்டத்தில் சுதிர் குமார் சென், ராலே நிறுவனத்துடன் இணைந்து வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே ஆலையை அமைத்தார்.

வாங்கிய உதிரிகளை முடுக்கி, பெயர்ச் சின்னம் ஒட்டுவது எளிது. மிதிவண்டியின் உயிர் உருக்குக் குழாயிலும் செயினிலும்தான் இருக்கிறது. 1955-இல் ஆவடியில் குழாய் ஆலையும், 1960-இல் செயின் தயாரிக்கும் டி.ஐ. டயமண்ட் செயின் நிறுவனமும் வந்த பிறகே சென்னையை மிதிவண்டி செய்யும் ஊர் என்று முழுமையாகச் சொல்ல முடிந்தது.

உதிரிபாகக் கடையிலிருந்து ஆலைக்கு

வடக்கே கதை வேறு விதமாக அமைந்தது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள கமாலியாவைச் சேர்ந்த முஞ்சால் சகோதரர்கள், உதிரிபாக வணிகர்களாகத் தொடங்கி லூதியானாவில் குடியேறினர். முதலில் ஃபோர்க், ஹேண்டில்பார் போன்ற பாகங்களைச் செய்தனர். 1956-இல் முழு வண்டி தயாரிக்க உரிமம் பெற்றனர். ஆண்டுக்கு 7,500 வண்டிகள் செய்ய அனுமதி இருந்தும், முதல் ஆண்டில் வெளிவந்தவை 639 மட்டுமே. 'ஹீரோ' என்பதும் அவர்கள் சூட்டிய பெயரன்று. பிரிவினையின்போது பாகிஸ்தான் சென்ற இசுலாமிய நண்பர் ஒருவர் தாம் செய்த இருக்கைகளுக்கு வைத்திருந்த பெயரை அவரது இசைவுடன் பெற்றதாக அக்குடும்பம் கூறுகிறது.

பெடல் செய்பவர் ஒருவர், ஆரக்கம்பி செய்பவர் ஒருவர் எனச் சிறு பட்டறைகள் நிறைந்த ஊர் லூதியானா. எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் செய்த பேராலைகளைக் காட்டிலும் அங்கே செலவு குறைந்தது. 1986-இல் உலகின் மிகப்பெரிய மிதிவண்டித் தயாரிப்பாளராக ஹீரோ கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

முன்னோடிகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நலிவுற்ற ஹிந்த் சைக்கிள்ஸ், சென்-ராலே இரண்டையும் 1980-இல் ஒரே சட்டத்தின் மூலம் நடுவண் அரசு நாட்டுடைமை ஆக்கியது. அரசு நிறுவனங்களாகியும் அவை மீளவில்லை. பின்னாளில் இரண்டுமே மூடப்பட்டன.

அரியானாவின் சோனிபட்டில் 1951-இல் ஜானகிதாஸ் கபூர் தொடங்கிய அட்லஸ், இவற்றைவிட நெடுநாள் தாக்குப்பிடித்தது. அதன் சாகிபாபாத் ஆலைக்கு 2020, ஜூன் 3 அன்று வேலைக்கு வந்த தொழிலாளர்கள், மூலப்பொருள் வாங்கவும் பணமில்லை என்ற அறிவிப்பை வாயிலில் கண்டு திரும்பினர். அன்று உலக மிதிவண்டி நாள்.